வான் ஓடாது என்று சொன்ன கிழமை

அப்பாவின் வான் வண்டி இப்போது என் பெயரில் இருக்கிறது. அவர் செத்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் என் இரண்டு அண்ணைமாரும் தொலைபேசியில் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துவிடு." நான் கொடுக்கவில்லை. புத்தூரில் எங்கள் வளவின் மேற்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு விட்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாதரவத்தைப் பக்கம் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவேன். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள். பழைய வாகனங்கள் சேர்க்கிற ஒருவர் கொழும்பிலிருந்து இரண்டு தரம் வந்து விலை பேசினார். ஏன் விற்க மாட்டீர்கள் என்று அவர் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். சொல்வதென்றால் தொண்ணூற்றிரண்டில் ஒரு கிழமையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பிறக்க முந்திய வருசம் அப்பா அதை வாங்கினார். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு சோடாக் கம்பனியில் ஓடியது. பச்சைப் பூச்சு அடித்தும் பக்கத் தகரத்தில் பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரியும். சின்ன வயதில் அந்த எழுத்துகளில் விரல் வைத்து இழுத்துத்தான் நான் 'சோ' எழுதப் பழகினேன். சண்டிலிப்பாயிலும் புத்தூரிலும் தோட்டக்காரரிடம் வெங்காயமும் பீற்றூட்டும் புகையிலையும் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போவது அப்பாவின் தொழில். எண்பத்து மூன்றில், கொழும்பில் கலவரத்தில் அடிபட்ட சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது, அம்மாவின் தம்பி குடும்பத்தை ஏற்றப் போன அப்பா, முன்பின் தெரியாத ஆட்களையும் ஏற்றி இறக்கி அன்று ஐந்து தரம் ஓடினார். எனக்கு நாலு வயது. உடுப்பில்லாமல் யாரோ ஒரு பெரியவரின் சட்டையை முழங்கால் வரை போட்டுக்கொண்டு வானுக்குள் இருந்து இறங்கிய ஒரு பிள்ளையை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் இன்ஜின் ஓடும், ஆனால் அதில் தொடங்காது. தொடங்கக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அப்பா ஒரு இருமல் மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் அதில் சில துளிகளை விட்டு இன்ஜினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். இடையில் நின்றால் திரும்பவும் பெற்றோல் போக வேண்டும். ஆகவே சந்தையில் மூட்டை இறக்குகிற நேரமும் வான் நடுங்கிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காலத்தில் இயக்கத்துப் பெடியள் வந்து வாகனம் கேட்பார்கள். துவக்கோடு வருவார்கள், மரியாதையாகத்தான் கேட்பார்கள். எங்கள் பகுதியில் இரண்டு வாகனங்கள் அப்படிப் போயின. ஒன்று திரும்பி வரவில்லை. மற்றது வந்தது, இன்ஜின் இல்லாமல். அந்த இரண்டாவது வானின் சொந்தக்காரர் ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் வானைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை அப்பா முன்மூடியைத் திறந்து, சுண்டுவிரல் அளவான கறுப்புச் சாமான் ஒன்றைக் கழற்றினார். றோட்டர் என்று சொல்வார். அது பழுதானால் எத்தனை தரம் சுற்றினாலும் இன்ஜின் பிடிக்காது. அதன் இடத்தில் வெடித்துப்போன பழையது ஒன்றை வைத்து மூடினார். நல்லதை ஒரு துணியில் சுற்றி என்னிடம் தந்தார்.

"உன்ரை கொம்பாஸ் பெட்டிக்குள்ளை வை. ஒருத்தருக்கும் சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை."

எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணித பாடத்துக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும்போது மூடியைக் கொஞ்சம்தான் தூக்குவேன். கவராயத்தை எடுக்கிற கை அந்தத் துணியில் முட்டும்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் உயரம், அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்ட அண்ணைமாரில் மூத்தவரின் வயதிருக்கும். மற்றவன் படலையடியில் நின்றுகொண்டான். அந்த உயரமானவன்தான் சந்தியில் கயிறு கட்டிய காவலில் நிற்கிறவன். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொரு நாளும் காண்கிறவன்.

"அண்ணை, உங்கடை வான் கொஞ்ச நாளைக்குத் தேவைப்படுது."

"தம்பி, வான் ஓடாது. றோட்டர் வெடிச்சுப் போச்சு. இந்தப் பழசுக்குச் சாமான் எங்கை எடுக்கிறது?"

உயரமானவன் மூடியைத் திறக்கச் சொன்னான். அப்பா திறந்து காட்டினார். அவன் குனிந்து பார்த்தான். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றுகிற கிறாங்குக் கம்பியைப் போட்டுத் தானே சுற்றினான். நாலு தரம், ஐந்து தரம். இன்ஜின் பிடிக்கவில்லை. நான் வாசற்படியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வது போல் எழுதிக்கொண்டிருந்தேன். கொம்பாஸ் பெட்டி என் மடியில் இருந்தது. அவன் என்னைக் கடந்து போகும்போது, "என்ன வகுப்பு, தங்கச்சி?" என்று கேட்டான். சொன்னேன்.

"புதன்கிழமை எங்கடை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வாறம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு அப்பா பின்வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உவன்தான் சொல்லிக் குடுத்திருப்பான்" என்றார் அம்மாவிடம்.

உவன் என்றது பின்வளவுக்காரரை. வேலி அடைக்கும்போது ஒரு முழம் தள்ளி அடைத்துவிட்டார் என்று அப்பாவுக்கும் அவருக்கும் நாலு வருசமாகப் பேச்சில்லை. ஊர் விதானையார் வந்து பேசியும் தீரவில்லை. அவருக்கு ஒரே மகள். என் வகுப்பு. வீட்டில் பேசக் கூடாது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மட்டும் பேசுவோம். வீட்டுக்கு வரும் வழியில் ஒழுங்கை முகப்பில் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் முன்னே போவாள், நான் பிந்திப் போவேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தோம். சாப்பிட்டு முடிய, மூன்று மணி இருக்கும், பின்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. கத்தியது அவள் தகப்பன். நாங்கள் வேலிக்கரைக்குப் போகவில்லை. வேலிக்கரைக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். படலை திறந்தது. பின்வளவுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார். நாலு வருசத்தில் அன்றுதான் அவர் எங்கள் வளவுக்குள் கால் வைத்தார்.

"அண்ணை, பிள்ளைக்குப் புடையன் பாம்பு கடிச்சுப் போட்டுது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவள். விசகடி பாக்கிற பரியாரியார் கட்டுப் போட்டிட்டு, தன்னாலை ஏலாது, உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டிட்டார்."

அவளுடைய வலது கால் கணுக்காலுக்கு மேலே வீங்கி மினுங்கியது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

அப்பா சொன்னார்: "வான் ஓடாது."

"தெரியும். சனம் கதைச்சது. எண்டாலும் ஒருக்காப் பாருங்கோவன். சந்தியிலை நிக்கிற வாடகைக் காரும் இல்லை, அது விடியவே சாவகச்சேரிக்குப் போட்டுது. தாயும் அளவெட்டிக்குத் தமக்கை வீட்டை போயிட்டாள்."

"பார்க்க ஒண்டும் இல்லை. சாமான் வெடிச்சுப் போச்சு."

"அப்ப சைக்கிளிலை வைச்சுக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். புத்தூரிலிருந்து பட்டணத்துக்கு ஒன்பது மைல் கட்டை. அப்பா அசையாமல் நின்றார். அவரைக் கெட்ட மனிதர் என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. வான் சந்தியைத் தாண்ட வேண்டும். சந்தியில் அந்த உயரமானவன் நிற்பான். நேற்று வெடித்த றோட்டரைக் காட்டி ஓடாது என்று சொன்ன வான். பொய் சொன்ன ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு, அவர்கள் எப்போது வருவார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருந்ததும் உண்டு. இதெல்லாம் அப்பாவின் முகத்தில் ஓடியது. எனக்கும் தெரிந்தது, ஏனென்றால் எனக்கும் அதே பயம்தான்.

அம்மா, "இஞ்சேருங்கோ" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

பின்வளவுக்காரர் படலைக்குப் பக்கத்தில் போய்விட்டார். நான் உள்ளே போய்க் கொம்பாஸ் பெட்டியை எடுத்து வந்தேன். திறந்து, துணியை அவிழ்த்து, அந்தச் சாமானை அப்பாவுக்கு முன்னால் நீட்டினேன். பின்வளவுக்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் பார்த்தா. அப்பா அடிப்பார் என்று நினைத்து, கையை நீட்டியபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

கையில் இருந்தது போய்விட்டது தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அப்பா வானின் முன்மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

இருமல் மருந்துப் போத்தலில் அடியில் ஒரு விரற்கடை பெற்றோல்தான் மிச்சம் இருந்தது. முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தரம் பிடித்தது. போத்தல் அநேகமாகக் காலி. அம்மா வெங்காயச் சாக்குகளை உதறி வானுக்குள் விரித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீயும் ஏறு. பிள்ளையின்ரை தலையைப் பிடிச்சுக்கொள்" என்றா. அப்பா என்னை ஏறச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை.

சந்தியில் கயிறு குறுக்கே கட்டியிருந்தது. அப்பா வானை நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. உயரமானவன் கொட்டிலுக்குள் இருந்து வெளியே வந்து, அவசரமில்லாமல் நடந்து, அப்பாவின் பக்கக் கதவில் கை வைத்தான்.

"வான் ஓடாது எண்டனீங்கள்."

"ஓம்" என்றார் அப்பா.

"இப்ப ஓடுது."

"ஓம்."

பின்னால் இருந்து பின்வளவுக்காரர், "தம்பி, பாம்பு கடிச்சுப் போட்டுது" என்றார். அவன் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். அப்போது அவளுடைய பல்லிடுக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியிருந்தது. என் பாவாடையில் பட்டிருந்தது. அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என்ன வகுப்பு என்று கேட்டவன். நான் தலையைக் குனிந்தேன். அவன் போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

"போங்கோ. பிறகு கதைப்பம்" என்றான்.

நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் போகும்போது றோட்டில் சனம் வானத்தைப் பார்த்தபடி சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடுவதைக் கண்டோம். எங்கள் இன்ஜின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வானை ஒரு புளியமரத்துக்குக் கீழே விட்டார்.

"ஆமியின்ரை ஹெலியோ, பொம்பரோ தெரியேல்லை" என்று அப்பா முன்னால் இருந்து சொன்னார். "நிப்பாட்டினால் திருப்பி எடுக்கேலாது. பெற்றோல் இல்லை."

"நிப்பாட்டாதேங்கோ. நான் இறங்கிப் பார்க்கிறன்" என்றார் பின்வளவுக்காரர்.

அவர் இறங்கிப் போய், மரத்துக்கு வெளியே, வெட்டவெளியில் நின்று வானத்தைப் பார்த்தார். நான் பின்கதவால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பாய்ப் பக்கமாகச் சுடுகிற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. என் மடியில் இருந்தவள், "தண்ணி" என்றாள். கொடுக்கலாமோ கூடாதோ என்று தெரியாமல், "இந்தா வந்திட்டம்" என்று பொய் சொன்னேன். அவளுடைய கை என் கையைப் பிடித்திருந்தது, ஆனால் பிடி இளகிக்கொண்டு வந்தது. இளகும்போதெல்லாம் நான் இறுக்கிப் பிடித்தேன்.

"ஹெலிதான். கிழக்காலை திரும்புது அண்ணை. எடுங்கோ" என்று கத்திக்கொண்டு அவர் ஓடிவந்து ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வானத்தைப் பார்த்தார். "போங்கோ" என்பார், அப்பா போவார். "மெல்ல, மெல்ல" என்பார், அப்பா மரத்தடியில் ஒதுக்குவார். "இப்ப வெட்டவெளி. ஒரே பிடியாப் போங்கோ." கோப்பாயிலும் இருபாலையிலும் இப்படியே. அப்பா ஒரு தரமும் மறுத்துக் கதைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு ஓடிவந்தார்கள். மருந்து இருக்கிறதா என்று பின்வளவுக்காரர் கேட்டார். இருந்தது. எவ்வளவு நேரத்துக்கு முன் கடித்தது என்று டாக்டர் கேட்டபோது ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று அவர் தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் ஒரு மாதம் அங்கே கிடந்தாள். சிறுநீரகம் பழுதாகும் என்று பயந்தார்கள், ஆகவில்லை. காலில் மட்டும் ஒரு விறைப்பு இன்றைக்கும் இருக்கிறது. இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

ஆனால் புதன்கிழமை வந்தது. அப்பா பட்டணத்தில் தெரிந்த ஒருவரிடம் கொஞ்சப் பெற்றோல் வாங்கி விடியத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழி முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். உயரமானவனும், அவனைவிட மூத்த ஒருவரும். மெக்கானிக் வரவில்லை. தேவையில்லை என்று தெரிந்திருந்தது.

மூத்தவர் கேட்டார்: "ஏன் பொய் சொன்னனீங்கள், ஐயா?"

"இந்த வானிலைதான் நாங்கள் சாப்பிடுறம்" என்றார் அப்பா.

"காயப்பட்ட பிள்ளையளை ஏத்தத்தான் கேட்டனாங்கள். நேற்று ஒருத்தனைக் கதவுப் பலகையிலை கிடத்தித் தூக்கிக்கொண்டு போனனாங்கள். வழியிலை செத்துப் போனான்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அப்பா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அப்பா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, "உந்த வானை வேறை ஆராலும் ஓட்டேலாது. நானும் வாறன்" என்றார். அம்மா சாரமும் சட்டையும் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தா. அப்பா போகும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது நாள் அவர் வரவில்லை. எங்கே என்று யாருக்கும் தெரியாது. பின்வளவுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற வழியெல்லாம் சைக்கிளை நிறுத்தி விசாரித்துக்கொண்டு வருவார். படலையில் நின்று அம்மாவிடம், "இண்டைக்கு மிருசுவில் பக்கம் கண்டதாம்" என்பார். இன்னொரு நாள், "தெரியேல்லை அக்கா" என்பார். ஒரு நாள் அம்மா அவரிடம் நேராகக் கேட்டா, வான் ஓடும் என்று பெடியளிடம் சொன்னது நீரா என்று. அவர் கோபிக்கவில்லை. "நான் வேலிக்குத்தான் சண்டை பிடிச்சனான் அக்கா" என்றார்.

அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கொம்பாஸ் பெட்டியைத் திறக்கவே முடியாமல் இருந்தது. கவராயம் தொலைந்துவிட்டது என்று ஆசிரியையிடம் சொல்லிப் பக்கத்தில் இருந்தவளிடம் வாங்கினேன். வெளியில் எந்த வாகனம் போனாலும் இன்ஜின் சத்தத்தை அடையாளம் பார்ப்பேன். ஒரு வாகனத்தைப் படலை வரை ஓடிப்போய்க் கேட்டு, அது எங்களுடையது இல்லை என்று தெரிந்ததும், கிணற்றடியில் போய் இருந்து அழுதேன்.

இருபதாம் நாள் மத்தியானம் வான் வந்தது. முன் கண்ணாடி உடைந்திருந்தது. பின்பக்கம் நன்றாகக் கழுவியிருந்தது, இருந்தும் பின்கதவைத் திறக்க ஒரு மணம் வந்தது. அம்மா என்னை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்றா. அப்பா தாடியோடு, மெலிந்துபோய் இறங்கினார். கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். நான் குசினிக்குள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவர் ஈரத் தலையோடு வந்து குசினிப் படியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"பிள்ளை, இஞ்சை வா" என்றார்.

போய் நின்றேன்.

"நீ அண்டைக்குத் தந்திராட்டில், நானாக் கேட்டு வாங்கியிருப்பனோ எண்டு பத்தொன்பது நாளும் யோசிச்சனான்." கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். "எனக்குத் தெரியேல்லை."

கேட்டிருப்பீங்கள் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்று தெரியாமல் சொல்ல மனம் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். அவர் தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அந்தப் பத்தொன்பது நாளில் யாரை ஏற்றினார், எத்தனை பேரை உயிரோடு கொண்டு போய்ச் சேர்த்தார் என்று சாகும்வரை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் பாயைப் போட்டுப் படுத்தவர் அடுத்த நாள் பத்து மணிக்குத்தான் எழும்பினார். எழும்பி, முகம் கழுவி, கண்ணாடி இல்லாத வானை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு வெங்காயம் ஏற்றப் போனார்.